கடை கொடுத்த மல்லிகை

எங்கள் கடையில் ஒரு பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தால் அவளுக்கு வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

தேனியில் பேர்போன ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே என் தையல் மிஷினைத் தூக்கித் தெருவில் வைத்துவிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து சேலைகளின் அடிக்கரையில் ஃபால் துணி வைத்துத் தைக்கிறவள் நான். பெயர் ஜான்சி. மாதச் சம்பளம் கிடையாது, தைத்த சேலைக்குக் கூலி. அதனால் கடையின் வருகைப் பதிவில் நான் இல்லை. வாய் மட்டும் உண்டு. அந்த வாயால் ஒருத்திக்கும் ஒரு நன்மையும் விளைந்ததில்லை என்பதை நீங்களே பார்க்கப்போகிறீர்கள்.

வளைகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். வேலை செய்கிற பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்துவிட்டால், காலையில் பிரார்த்தனைப் பாட்டு முடிந்த கையோடு மேனேஜர் ராஜபாண்டி அவளை முன்னால் கூப்பிடுவார். முதலாளி வீட்டு அம்மா வந்து கன்னத்தில் சந்தனம் தடவி, கை நிறைய வளையல் அடுக்கி, ஒரு சேலையும் வைத்துக் கொடுப்பார். புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று ஐந்து வகைச் சாப்பாடு. எல்லாரும் கைதட்டுவோம். மறுநாளிலிருந்து அவள் வர வேண்டியதில்லை. "நல்லபடியாப் பெத்துப் பிழைச்சு வா, ஆத்தா. ஒன் எடம் ஒனக்குத்தான்" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளவும் செய்வார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் புது ஆளாகச் சேர வேண்டும். பேறுகால விடுப்பு, அதற்குச் சம்பளம் என்கிற பேச்செல்லாம் அந்த ஐந்து வகைச் சோற்றோடு சேர்ந்து செரித்துப் போயிருக்கும்.

மாரீஸ்வரிக்கும் அப்படித்தான் வளையல் போட்டார்கள்.

அவள் கெங்குவார்பட்டிக்காரி. சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மா சங்கிலியம்மாள் மாந்தோப்பு, வாழைத்தோட்டம் என்று கூலிக்குப் போய் அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் பஸ் ஏறி வந்து எங்கள் கடையில் சேர்ந்தாள். முதலில் நைட்டிப் பிரிவு. அங்கிருந்து அவளைப் பட்டுப் பிரிவுக்கு ஏற்றிவிட்டது அவளுடைய உடம்புவாகு. நல்ல உயரம், நேரான தோள், கறுப்பென்றால் எண்ணெய் தேய்த்த கருங்கல்லின் கறுப்பு.

பட்டுப் பிரிவில் சேலையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. விற்கிற பெண் தன் சுடிதாருக்கு மேலேயே அதைச் சுற்றி, கொசுவத்தை இடுப்பில் செருகி, முந்தியை மார்பின் குறுக்கே எடுத்துத் தோளில் விரித்து நிற்க வேண்டும். 'மேல போட்டுக் காட்டு' என்பதுதான் அந்த மாடியில் அதிகம் கேட்கிற சொல். மாரீஸ்வரி மேலே போட்டுக் காட்டிய சேலை மறுபடி அலமாரிக்குப் போகாது என்று கடையில் ஒரு பேச்சே உண்டு. "இந்தக் கலருக்கே இம்புட்டு எடுப்பா இருக்கே, நம்ம பிள்ளைக்கு எப்படி இருக்கும்" என்று வாங்க வந்தவர்கள் அவள் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுப்பாள். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

கட்டிக்கொடுத்த இடம் உள்ளூர்தான். மாப்பிள்ளை ஈஸ்வரபாண்டி, தேனி மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற லோடு வண்டி டிரைவர். நல்ல பையன். வளையல் போட்டு அனுப்பிய பிறகு மாரீஸ்வரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சசிதரன் என்று பெயர் வைத்தார்கள். இனிமேல் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் வேலைக்கு வர மாட்டேன் என்று எனக்கு போனில் சொன்னாள். சொல்லி ஒரு மாதம்கூட இருக்காது, போடிமெட்டு வளைவில் வண்டி சாய்ந்துவிட்டது. ஈஸ்வரபாண்டி உயிர் தப்பியதே பெரிய காரியம். வலது காலில் கம்பி வைத்து, தாங்குகட்டையோடு வீட்டுக்கு வந்து படுத்தான். குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்தபோது மாரீஸ்வரி கடை வாசலில் வந்து நின்றாள். புது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். போட்டுக் காட்ட ஆள் வேண்டுமே, பட்டுப் பிரிவிலேயே நிறுத்தினார்கள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஈஸ்வரபாண்டிதான். மாமியார் உயிரோடு இல்லை, சங்கிலியம்மாளும் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும். ஆம்பிளை பீத்துணி அலசுகிறான் என்று தெருவே சிரித்ததாம். அவன் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தொட்டில் ஆட்டவும், காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டவும் பழகிவிட்டான்.

"எல்லாத்தையும் கத்துக்கிட்டாருக்கா. அது ஒண்ணுக்குத்தான் அவரு என்ன செய்வாரு" என்று மாரீஸ்வரி சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதாள்.

பிள்ளை பாட்டிலை வாயில் வைக்கவிடவில்லை. சங்கில் ஊற்றினால் துப்பினான். காலையில் பஸ்ஸுக்கு ஓடுமுன் கொடுத்தால் உண்டு, ராத்திரி அவள் பெரியகுளம், தேவதானப்பட்டி எல்லாம் தாண்டி வீடு போய்ச் சேர்ந்தால் உண்டு. நடுவில் அவன் அங்கே அழுவான். இங்கே இவளுக்கு மார் இரண்டும் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கவே முடியாது. சேலையை உதறித் தோளில் போடும்போது பல்லைக் கடிப்பாள்.

அதனால் என் அறைக்கு வருவாள். கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து டிபன் பாக்ஸ் மூடியில் பாலைப் பீய்ச்சுவாள். நான் ஊசியில் நூல் கோக்காமலேயே மிஷினை ஓட்டிக்கொண்டிருப்பேன். வெளியே போகிறவர்களுக்கு உள்ளே வேலை நடப்பதாகத் தெரிய வேண்டும் அல்லவா. துணி இல்லாமல் அப்படி ஓட்டினால் மிஷினுக்குக் கெடுதல். கெட்டால் கெடட்டும்.

தாய்ப்பாலென்றால் சங்கில் துப்பாமல் குடிப்பானோ, பீய்ச்சியதைச் சேர்த்து வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாலாவது ஆகுமே என்று, ஆபீஸ் அறையில் இருக்கும் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என நான்தான் போய்க் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் முகத்தைச் சுளித்தார். "கஸ்டமருக்குக் குடுக்குற கலர் பாட்டிலு இருக்குற எடத்துல அதையாக்கா வைக்கச் சொல்றீக" என்றார். பசும்பால் பாக்கெட் அதே ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. மாட்டுக்கு இருக்கிற மரியாதை மனுஷிக்கு இல்லை.

வைக்க இடமில்லாத பாலைக் கீழே கொட்டவும் அவள் சம்மதிக்கவில்லை. தாய்ப்பால் கால் மிதிபடுகிற இடத்தில் விழக் கூடாது, மிதிபட்டால் வற்றிப்போகும் என்பார்கள். கழிப்பறைக் குழியில் ஊற்றவும் மனசு வராது. மூடியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போவாள். எங்கே ஊற்றுகிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துச் செவுத்துல அரசங்கன்னு ஒண்ணு மொளைச்சிருக்குக்கா. அங்கன ஊத்துறேன். பச்ச மரத்துக்குப் போனா தோசம் இல்லையாம்."

"நல்லா ஊத்து. வேர் விட்டுக் கட்டடத்தப் பொளக்கட்டும்" என்றேன்.

ஆடித் தள்ளுபடி வந்தது. தள்ளுபடி என்றால் எங்கள் கடைக்குப் பித்துப் பிடித்துவிடும். ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்கிற கூட்டமும் அதிலேயே வரும். ராஜபாண்டி கேமராவில் பார்த்துவிட்டு, மாரீஸ்வரி அடிக்கடி மாடிக்கு எதற்குப் போகிறாள் என்று விசாரித்தார். காரணம் சொன்னதும் காதெல்லாம் சிவந்துபோனார். மனிதர் கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்ல வராது. "அந்த விசயத்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்துல வச்சுக்கம்மா. செக்ஷன விட்டு நகரப்புடாது" என்றார். தள்ளுபடி நாட்களில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வார இறுதியில்தான் அது நடந்தது. சின்னமனூரிலிருந்து ஒரு கல்யாண வீடு முகூர்த்தப் பட்டுக்கு வந்திருந்தது. மணப்பெண், அம்மா, அத்தைமார், சித்திமார் என்று பெரிய ஜமா. ஃபால் தைத்த சேலையைக் கொடுக்க நான் மாடிக்குப் போயிருந்தேன். அலமாரியில் பாதி கீழே இறங்கிக் கிடந்தது. கடைசியில் சந்தன நிறத்தில் அரக்குக் கரை போட்ட பட்டு ஒன்றில் எல்லார் கண்ணும் நின்றது. மேலே போட்டுக் காட்டச் சொன்னார்கள். மாரீஸ்வரி கொசுவம் வைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் கீழே படிக்கட்டடியில் ஒரு குழந்தை அழுதது.

ஜவுளிக்கடையில் குழந்தை அழுவது புதிதா. ஆடியில் அழாத குழந்தைதான் அதிசயம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாரீஸ்வரியின் கை மட்டும் கொசுவத்தில் பாதியில் நின்றது. நின்ற கை நின்றபடி இருக்க, அவள் மார்பின் மேல் கிடந்த சந்தன நிறப் பட்டில் ஈரம் வட்டமாக ஊறியது. இரண்டு வட்டம். அவள் குனிந்து பார்த்தாள். தள்ளிப் பிடிக்கவும் இல்லை, உருவிப் போடவும் இல்லை. உடம்பு செய்கிற காரியத்தை அவள் என்ன செய்வாள். நான் போய்ச் சேலையை உருவுவதற்குள் கரை வரைக்கும் நனைந்துவிட்டது.

மணப்பெண்ணின் அம்மா அருகில் வந்து பார்த்தார். "பச்ச ஒடம்புக்காரியாம்மா நீ? அழுகாத. பால்தான, கல்யாணக் காரியத்துக்கு நல்ல சகுனந்தான்" என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம் பக்கத்தில் நின்ற கடைப் பையனிடம் திரும்பி, "ஆனா இது வேணாம்ப்பா. இதே கலர்ல வேற எடு" என்றார்.

கீழே அழுதது சசிதரன்தான். காலையிலிருந்து ஒரு சொட்டும் இறங்காமல் பிள்ளை துவண்டுபோனதைப் பார்த்து, ஈஸ்வரபாண்டி தாங்குகட்டையோடு பஸ் ஏறிவிட்டான். தேனி வரைக்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்தது கண்டக்டராம். பெயர் தெரியாத அந்தக் கண்டக்டருக்கு நான் இன்றைக்கும் ஜெபம் செய்கிறேன். கடையின் செக்யூரிட்டி, வேலை ஆட்கள் வீட்டார் தள்ளுபடி நேரத்தில் மேலே போகக் கூடாது என்று அவனைப் படிக்கட்டிலேயே நிறுத்திவிட்டான்.

நான் கீழே இறங்கிப் பிள்ளையை வாங்கி என் அறைக்குக் கொண்டு வந்தேன். வேறு சேலை எடுத்து, கல்யாண வீட்டார் பில் போடப் போன பிறகுதான் மாரீஸ்வரியை விட்டார்கள். ஓடி வந்து உட்கார்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள். அவன் விக்கி விக்கிக் குடித்தான். அறையில் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லாததால் ஈஸ்வரபாண்டி வெளியே கட்டையை ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.

ராஜபாண்டி வந்தார். உள்ளே பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சேலைக்கு நான் ஒண்ணும் கேக்கல, முதலாளிகிட்ட சொல்லிக்கிறேன். ஆனா பட்டு செக்ஷன்ல இப்பிடி இருந்தா முடியாதும்மா. வீட்ல இருந்துட்டு, அது நின்னதும் வா."

"எது நின்னதும்?" என்றேன் நான்.



எனக்குக் கோபம் தலைக்கேறியது. வருகைப் பதிவு மிஷினுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு ஒரு தாள் மாட்டியிருக்கிறார்கள், தொழிலாளர் சட்டங்களின் சுருக்கம். எறும்பு எழுத்து. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவள். "பிரசவம் ஆகி வேலைக்கு வந்தவளுக்குப் பிள்ளைக்குப் பதினஞ்சு மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவ விடணும்னு ஒங்க செவுத்துலயே எழுதிருக்கே. அம்பது பேருக்கு மேல இருந்தா பிள்ளைகளப் பாத்துக்க ஒரு ரூம்பு வைக்கணும்னு இருக்கே. இங்கன எம்புட்டுப் பேர் இருக்காக?" என்று கேட்டேன்.

ராஜபாண்டி பொறுமையாகத்தான் பேசினார். "அதெல்லாம் வேலையில இருந்து லீவு போட்டுப் பெத்து வாரவுகளுக்குக்கா. இந்தப் பிள்ளை வேலைய விட்டு நின்னுட்டு, புதுசால்ல சேந்துருக்கு."

"வளையல் போட்டு அனுப்புனீகளே, அதுக்குப் பேரு நின்னதா?"

"நம்ம கடை ஒரு குடும்பம் மாதிரிக்கா. குடும்பத்துக்குள்ள யாராச்சும் சட்டம் பேசுவாகளா?"

விற்பனைப் பெண்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்ட ஸ்டூல்கள் எங்கள் மாடியில் இன்னமும் இருக்கின்றன. அவற்றின் மேல் சேலைக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. அது நினைவுக்கு வந்ததும் மிஷின் மேல் கிடந்த சேலையை எடுத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு மாரீஸ்வரியிடம், தொழிலாளர் துறைக்கு எழுதிப் போடுவோம் என்றேன்.

"போட்டா என்னாகும்க்கா?"

"விசாரிக்க வருவாக."

"வந்துட்டுப் போயிருவாக. அப்பறம்?"

 பிள்ளை குடித்த வாயோடு தூங்கிவிட்டான். வெளியே ஈஸ்வரபாண்டி கட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். வீட்டில் இருந்துவிட்டு வா என்கிறார்களே, வீட்டில் இருந்தால் எதைச் சாப்பிடுவது. 

கீழே எந்த வேலையானாலும் செய்கிறேன் என்று ராஜபாண்டியிடம் அன்றைக்கே கெஞ்சி ஒப்புதல் வாங்கிய மாரீஸ்வரி, மறுநாள் காலையில் எல்லாருக்கும் முந்தி வந்துவிட்டாள். பூக்காரி கருத்தம்மாள் அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தார். பெண்கள் தலை நிறையப் பூவோடு நிற்க வேண்டும் என்பது எங்கள் கடையின் வழக்கம். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்திக்கும் கடையே ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை கொடுக்கும். எனக்கும் அதில் ஒரு முழம் உண்டு. கடை எனக்குச் சும்மா கொடுப்பது அது ஒன்றுதான். மாரீஸ்வரி தன் பூவை வாங்கிக்கொண்டு நேரே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"யக்கா, ஒங்க பூவையும் குடுங்க. அகலமா ஒரு துணி வேணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். மல்லிகைப் பூவை மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எப்போது கட்டுவார்கள் என்பதும் தெரியும். என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து தங்காமல் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தவளுக்கு நான்தான் கட்டிவிட்டேன்.

"பிள்ளையப் பறிகொடுத்தவளுக்குக் கட்டுறதுடி அது."

"எம்பிள்ள உசுரோட இருக்கணும்னுதான்க்கா கட்டுறேன்."

குரல்கூட உயரவில்லை. பூவை நீட்டிக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று பிடுங்கி எறிந்திருக்கலாம். எறிந்துவிட்டு அவளுக்கு என்ன கொடுப்பேன். ஃபால் வெட்டுகிற துணிக்கட்டிலிருந்து அகலமாக ஒன்றைக் கிழித்தேன். கல்லாய்க் கட்டிக்கிடந்த மார்மேல் இரண்டு முழத்தையும் சுற்றி வைத்து, துணியால் இறுக்கி, முதுகில் ஊக்குக் குத்தினேன். இறுக்கும்போது "இன்னும்" என்றாள். இன்னும் இறுக்கினேன். ஊக்கு அவள் முதுகில் குத்திவிட்டது. அதைக்கூட அவள் உணரவில்லை.

பிரார்த்தனைப் பாட்டுக்கு வரிசையில் நின்றாள். ராஜபாண்டி வழக்கம்போல ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவள் முன்னால் நின்றார்.

"ஏம்மா, பூ எங்க? வாசம் மட்டும் தூக்குது, பூவக் காணோம்?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாரீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள். "பஸ்ல விழுந்துருச்சு சார்" என்றாள். கடை கொடுத்த பூ பஸ்ஸில் எப்படி விழும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்கவில்லை. நாளைக்கு ஒழுங்காக வைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு அவர் அடுத்த தலைக்குப் போனார். என் தலையிலும் பூ இல்லை. வரிசையில் நிற்காத என்னை யார் பார்க்கப்போகிறார்கள்.

தள்ளுபடி முடிகிற வரைக்கும் எடுபிடி வேலைக்கு என்று அவளைக் கீழே துண்டு, பெட்ஷீட் பிரிவில் போட்டிருந்தார்கள். காய்ச்சலோடு வந்தாள். அக்குளில் நெறி கட்டிக் கை தூக்க முடியாமல் வந்தாள். தினமும் காலையில் என்னிடம் பூவைக் கொடுத்துத் திரும்பி நிற்பாள். பிறகு ஒருநாள் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எடுத்து வைத்திருந்த கட்டுத் துணியை நான் மடித்து வைத்தேன். அன்று மத்தியானம் ஈஸ்வரபாண்டி என் போனுக்குக் கூப்பிட்டு, "குடிச்சிட்டான்னு சொல்லிருங்கக்கா. பாட்டில்ல முழுசாக் குடிச்சிட்டான்" என்றான். நல்ல செய்தி சொல்கிறவனின் குரல் அப்படி இருக்காது. பசி பொறுக்காமல் குடித்திருக்கிறான் பிள்ளை, பழகிக் குடிக்கவில்லை. மாரீஸ்வரியிடம் சொன்னேன். "சரிக்கா" என்று துண்டுகளை அடுக்கினாள்.

ஆவணியில் அவளைத் திரும்பப் பட்டுக்கு ஏற்றினார்கள். ராஜபாண்டிக்கு நிஜமாகவே சந்தோஷம். "நான் சொன்னேன்ல, கொஞ்ச நாள்தான்னு" என்றார். 

போன வாரம் நான் மாடிக்குப் போனபோது போடியிலிருந்து ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்திருந்தது. மாரீஸ்வரி வெள்ளைக்குப் பக்கத்து நிறத்தில் ஒரு பட்டை மேலே போட்டு, முந்தியைத் தோளில் விரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதது. அவள் கை நின்றுவிட்டது.  குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தது, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பட்டு நனையவில்லை.

"நல்லா இருக்கும்மா. இதையே பில் போடச் சொல்லு" என்றார் வாங்க வந்தவர்.